ஜெபம் வாயில வரமாட்டேங்குது, விசுவாசம் போயிட்டுதா?

ஏரல் தங்கச்சி எழுதியது:

எல்லாருக்கும் தோத்திரம். இங்க முதல் தடவையா எழுதுதேன்.

எங்களுக்கு ஏரல் பக்கம். வீட்டுக்காரவியளுக்குப் பலசரக்குக் கடை. 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்துல யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சுன்னு சொன்னாங்கல்லா, அதே மழைதான். ஆத்துத் தண்ணி ராத்திரியோட ராத்திரியா கடைக்குள்ள ஏறிட்டு. சீனி மூடை, பருப்பு மூடை, எண்ணெய் டின், பிரிட்ஜ் எல்லாம் போச்சு. நாங்க கோயில் மாடியில கெடந்தோம். அப்பகூட எனக்குத் தைரியம் இருந்துச்சு. பக்கத்துல அழுதுட்டு இருந்தவியளுக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன், பாட்டு எடுத்துக் குடுத்தேன். தண்ணி வடிஞ்சதும் கடன் வாங்கிக் கடையத் திரும்பத் தொறந்தோம்.

இப்ப வந்திருக்கது வேற. அவியளுக்கு ரொம்ப வருசமா சுகர் உண்டு. கால் வீங்குச்சு, காலைல எந்திரிச்சா முகம் ஊதியிருந்துச்சு. டெஸ்ட் எடுத்தா ரெண்டு கிட்னியும் போயிட்டுன்னு சொல்லிட்டாங்க. வாரம் மூணு தடவை டயாலிசிஸ். விடியக்கருக்கல்ல பஸ் ஏறி, திரும்ப வீட்டுக்கு வாரதுக்குள்ள பொழுது அடைஞ்சிரும். அன்னைக்கெல்லாம் கடை பூட்டித்தான் கெடக்கு. சாமான் எடுத்த இடத்துல பாக்கி நிக்கு.

ஒரு மாசம் முந்தி வெளியூர்ல இருந்து ஒருத்தர் வீட்டு ஜெபத்துக்கு வந்தாரு. தலையில கை வச்சு ஜெபம் பண்ணிட்டு, "இந்த வீட்ல மறைவான பாவம் ஒண்ணு இருக்கு, அதை அறிக்கை பண்ணுங்க, முழு விசுவாசம் வந்துட்டா இந்த ஊசியே தேவைப்படாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு ராத்திரி பூரா அவிய ஒண்ணுமே பேசல. மறு தடவை டயாலிசிசுக்குக் கிளம்புதப்ப "நான் வரல, விசுவாசத்துல நிக்கப் போறேன்"னுட்டாவ. அழுது கெஞ்சித்தான் கூட்டிட்டுப் போனேன். அடுத்த தடவை என்ன சொல்லுவாவளோன்னு வயித்தக் கலக்குது.

என் நெலம என்னன்னா, முழங்கால் போட்டா ஜெபம் வரமாட்டேங்குது. கண்ணை மூடினா கடன் சீட்டுதான் வருது. கோயில்ல பாடும்போது வாயை மட்டும் அசைக்கேன். வாட்ஸப்ல வசனம் அனுப்புதாவ, அனுப்புதவங்க மேல குத்தம் சொல்லல, ஆனா உள்ள இறங்க மாட்டேங்குது. அந்த ஆள் சொன்னது மாதிரி எனக்கு விசுவாசம் இல்லாமப் போயிட்டுதா? இப்படிக் கெடந்து எந்திரிச்சவிய இருந்தா சொல்லுங்க. தைரியம் எங்க இருந்து வரும்?


தென்காசித் தம்பி எழுதியது:

அக்கா, வாசிச்சதும் மனசு கஷ்டமாயிட்டு. எங்க குடும்ப ஜெபத்துல இன்னைக்கு உங்க வீட்டை நினைச்சுக்கிடுதோம். வசனம் ஒண்ணும் அனுப்பல. டயாலிசிஸ் மட்டும் விட்டுராதீங்க.


மெஞ்ஞானபுரத்து நர்ஸம்மா எழுதியது:

யம்மா தங்கச்சி, நான் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. கடைசிப் பல வருசம் டயாலிசிஸ் வார்டுலதான் வேலை. அதனால முதல்ல ஆஸ்பத்திரிக் காரியத்தைச் சொல்லிருதேன்.

ஒரு தடவைகூட விடக்கூடாது. கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏறிக்கிட்டே இருக்கும். அது அளவு மீறினா நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகி நின்னு போயிரும், முன்கூட்டி அறிகுறி காட்டணும்னு இல்ல. குடிச்ச தண்ணி வெளிய போக வழியில்லாம நுரையீரல்ல தேங்கும், படுத்தா மூச்சு விட முடியாது. நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லி ஒரு முறையைத் தள்ளிப்போட்டவங்களை ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வந்ததை நான் பாத்திருக்கேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட இதை அப்படியே வாசிச்சுக் காட்டுங்க. பாக்க வாரவங்க அன்பா இளநீரும் வாழைப்பழமும் கொண்டு வருவாங்க, ரெண்டுலயும் பொட்டாசியம் நிறைய, பிள்ளைகளுக்குக் குடுத்திருங்க. தண்ணி எவ்வளவுன்னு டாக்டர் சொன்ன அளவைக் காலையிலயே ஒரு பாட்டில்ல ஊத்தி வச்சிருங்க, அன்னைக்கு அதுக்கு மேல கிடையாது. காபி, மோர், ரசம் எல்லாம் அந்தக் கணக்குலதான் சேரும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல டயாலிசிஸ் உண்டு. அட்டை இல்லாம கைக்காசு குடுத்துட்டு இருந்தீங்கன்னா, அடுத்த தடவை போகும்போதே காப்பீட்டுத் திட்ட மேசையில கேட்டிருங்க.

இனி அந்த மனுசர் சொன்ன சொல்லுக்கு வாரேன். எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. நோயாளி தலையில கை வச்சுட்டு, வைத்தியத்தை விடுன்னு சொல்லாமச் சொல்லிட்டுப் போறதுக்கு யாருக்கும் அதிகாரம் இல்ல. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பண்ணின பாவமா, பெத்தவங்க பண்ணின பாவமான்னு சீஷர்கள் கேட்டப்ப, ரெண்டும் இல்லைன்னு ஆண்டவர் சொன்னது யோவான் 9ல இருக்கு. பிள்ளைங்க, சொத்து, சுகம் எல்லாம் இழந்து கெடந்த யோபுவைப் பாக்க வந்த மூணு சிநேகிதரும் ஏழு நாள் தரையில அவர்கூடப் பேசாம உக்காந்திருந்தாங்க. அது எவ்வளவு நல்ல காரியம்! அதுக்கப்புறம் வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் பண்ணியிருப்பேன்னு ஆரம்பிச்சாங்க. கடைசியில கர்த்தருக்குக் கோபம் மூண்டது அவங்க மேல. யோபு அத்தனை கேள்வி கேட்டிருக்காரு, புலம்பியிருக்காரு, பிறந்த நாளையே சபிச்சிருக்காரு, அவரைத்தான் "என் தாசன்"னு கர்த்தர் சொன்னாரு.

வைத்தியம் பாத்துக்கிட்டா விசுவாசக் குறைவுன்னா, நம்ம பக்கத்துல மிஷனெரிமார் கோயிலுக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி கட்டினது எதுக்கு? நாசரேத்து ஆஸ்பத்திரிக்கு லூக்கா பேர்தான் வச்சிருக்காங்க. பவுல் அவரைப் பிரியமான வைத்தியன்னுதான் எழுதுதாரு. அந்தப் பவுலே தன் மாம்சத்துல இருந்த முள் நீங்கணும்னு மூணு தடவை வேண்டியும் அது நீங்கல.

டோனாவூர்ல மிஷனெரியா இருந்த எமி கார்மைக்கேல் அம்மாவை எடுத்துக்கிடுங்க. 1931ல ஒரு குழியில விழுந்து காலை முறிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் 1951 ஜனவரியில இறக்கிற வரைக்கும் பெரும்பாலும் அறைக்குள்ள, கட்டில்லதான். அவங்களுக்காக ஜெபம் பண்ண ஆள் இல்லாமலா? அவங்க காப்பாத்தி வளத்த பிள்ளைங்க வளாகம் நிறைய இருந்தாங்க. எழும்பி நடக்கல. படுத்த இடத்துல இருந்தே எழுதினாங்க, வாரவங்க போறவங்களை விசாரிச்சாங்க. நான் நர்சிங் படிக்கும்போது எங்களை அங்க கூட்டிட்டுப் போனாங்க. கல்லறைக்கு மேல கல்வெட்டு, துதிப்பாட்டு எதுவும் கிடையாது. பறவைகள் தண்ணி குடிக்க ஒரு தொட்டி வச்சு, அதுல அம்மான்னு மட்டும் இருக்கு. அந்த இருபது வருசப் படுக்கையை மறைவான பாவம்னு அந்தப் பிரசங்கியார் டோனாவூர்ல போய்ச் சொல்லட்டும் பாப்போம்.

இனி நீங்க கேட்டது. எந்திரிச்சவிய இருந்தா சொல்லுங்கன்னீங்க. எங்க வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். குடல்ல புற்றுநோய். நான் நர்ஸுங்கிறதால ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அவர் முன்னால சிரிச்ச முகமா இருக்கணும். ஜெபம் பண்ண உக்காந்தா மருந்து நேரம்தான் மனசுல ஓடும். கடைசிக் காலத்துல கேட்கிறதுக்கே ஒண்ணும் இல்லாமப் போயிட்டு. சுகம் குடுங்கன்னு கேட்க வாய் வரல, எடுத்துக்கிடுங்கன்னும் கேட்க வாய் வரல.

எங்க சபைப் பெண்கள் சங்கத்துல இருந்து சாயங்காலம் சாயங்காலம் வருவாங்க. நான் கூப்பிடல. ஒருத்தி கஞ்சி கொண்டு வருவா, ஒருத்தி துணி அலசிப் போடுவா. எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டி உண்டு, திண்ணையில உக்காந்து ஓலைப்பெட்டி முடைஞ்சுக்கிட்டே இருப்பாவ, ஆறுதல் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. இருட்டினதும் ஒருத்தி சங்கீதம் வாசிப்பா. நல்ல வசனமாப் பொறுக்கி எடுத்து இல்ல, வரிசையா, விட்ட இடத்துல இருந்து. அப்படி வாசிச்சு வந்ததுல ஒரு நாள் 88ம் சங்கீதம் வந்துட்டு. தங்கச்சி, நீங்க அதை முழுசா வாசிச்சிருக்கீங்களான்னு தெரியல. மத்த புலம்பல் சங்கீதம் பெரும்பாலும் கடைசியில எப்படியாவது ஒரு நம்பிக்கையிலயோ ஸ்தோத்திரத்துலயோ போய் முடியும். இது முடியாது. இரவும் பகலும் கூப்பிடுதேன், ஏன் முகத்தை மறைக்கிறீர்னு கேட்டுட்டு, சிநேகிதரும் தெரிஞ்சவங்களும் விலகிப்போன இருட்டுலயே நின்னு போயிரும். வாசிச்சவ அதோட மூடி வச்சுட்டா, சமாதானத்துக்கு இன்னொண்ணைச் சேத்து வாசிக்கல. அத்தனை நாள் அழாத நான் அன்னைக்குத்தான் அழுதேன். ஒரு பதிலும் கிடைக்காத மனுசன் கதறினதையும் வேதத்துல வச்சிருக்காங்க, கோயில்ல பாடுறதுக்குன்னே வச்சிருக்காங்க. அப்படின்னா வாயடைச்சுப்போன என்னையும் ஆண்டவர் வெளிய தள்ளலைன்னு எனக்குப் பட்டுச்சு.

அவர் பிழைக்கல. அதையும் உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அடக்க ஆராதனையில என்னால ஒரு அடிகூடப் பாட முடியல, சுத்தி நின்னு அவங்க பாடினாங்க. கொஞ்ச மாசம் கழிச்சு டியூட்டிக்குத் திரும்பினேன். முதல் நாள் ஒரு நோயாளி கையில ஊசி போடும்போது என் கை நடுங்கல. அப்பதான் எனக்குத் தைரியம் வந்திருக்குன்னு தெரிஞ்சது. எப்ப வந்துச்சுன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

மாற்கு 2ல திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிட்டு வந்து கூரையைப் பிரிச்சு இறக்குதாங்கல்லா, அங்க என்ன எழுதியிருக்குன்னு கவனிச்சுப் பாருங்க. இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு"ன்னு இருக்கு. படுத்துக் கெடந்தவன் என்ன நினைச்சான், ஜெபம் பண்ணினானா, ஒண்ணுமே எழுதல. உங்க விசுவாசம் போகல தங்கச்சி, படுத்திருக்கு. நாலு பேர் தூக்கணும். வெள்ளத்துல நீங்க பாட்டு எடுத்துக் குடுத்தீங்களே, அப்ப அந்த மாடியில பாட முடியாம இருந்தவங்களுக்காக நீங்க பாடினீங்க. இப்ப அவங்க முறை.

அதனால சேகரத்து ஐயர்கிட்ட, அதான் உங்க சபைப் போதகர்கிட்டப் போய், நடந்ததை ஒண்ணு விடாமச் சொல்லுங்க. அந்த வெளியூர்க்காரர் சொன்னதையும் சொல்லுங்க. ஐயரே வந்து உங்க வீட்டுக்காரர்கிட்ட, மிஷின்ல உக்காருறது அவிசுவாசம் இல்லைன்னு சொல்லணும். நீங்க சொன்னா அது பெண்டாட்டி பயம்னு நினைப்பாவ. எங்களுக்காக ஜெபிங்கன்னு பொதுவா மட்டும் கேக்காதீங்க. ஆஸ்பத்திரி நாள்ல ரெண்டு மணி நேரமாவது கடையில உக்கார யாராவது வேணும், கூடப் பஸ்ல வர ஒரு ஆம்பளை வேணும், சாயங்காலம் வீட்ல வந்து வாசிக்க ரெண்டு பொம்பளைங்க வேணும்னு கேளுங்க. கூச்சமாத்தான் இருக்கும். கேளுங்க.


பாளை வாத்தியார் எழுதியது:

நர்ஸம்மா எழுதியதை ரெண்டு முறை வாசித்தேன். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்டும் நாலு பேர் வராத சபைகளும் நம்மிடம் உண்டு. கடன் என்று தெரிந்தால் ஒதுங்குகிறவர்கள், சாதி பார்த்துக் கை கொடுக்கிறவர்கள், வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுபோகிறவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். தங்கச்சி கேட்டு, யாரும் வரவில்லை என்றால் ஆண்டவரே வரவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிளாரிந்தா அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த மராத்தியப் பிராமண விதவை. ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தார் என்பதற்காக, அவர் ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். சொந்த சாதியும் இல்லை, சபையும் இல்லை. அந்த அதிகாரியும் இறந்துபோனார். அப்படியும் அவர் விசுவாசத்தை விடவில்லை. பாளையங்கோட்டையில் தம்மைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு இருந்தார். 1778ல் சுவார்ட்ஸ் இங்கே வந்தபோதுதான் ஞானஸ்நானம் கிடைத்தது. 1780ல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர். 1785ல் அவர் கட்டிய கோயில் இன்னும் நிற்கிறது, பாப்பாத்தியம்மாள் கோயில் என்றால் எங்கள் பக்கம் யாரும் வழி காட்டுவார்கள். திருநெல்வேலிச் சபை என்று இவ்வளவு பெரிதாகப் பேசுகிறோம், அதன் தொடக்கத்தில் நிற்பது கதவடைக்கப்பட்ட ஒரு பெண்.

நாலு பேர் தூக்க வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னதற்கும் நம் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊர்களில் துன்புறுத்தப்பட்டவர்கள் தனித்தனியாக நின்று தாக்குப்பிடிக்க முடியாமல்தான் 1799ல் சேர்ந்து குடியேறினார்கள். அதுதான் முதலூர். பின்னால் மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1830ல் தொடங்கிய தர்மசங்கமும் இப்படி விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கத்தான். "விசுவாசத்தில் நில்லுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தால் போதுமே, நிலம் எதற்கு? நிற்பதற்கு மண் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்று. உங்கள் கணவர் ராத்திரி முழுக்கப் பேசவில்லை என்று எழுதினீர்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது சாதாரணம், பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் வரும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அங்கே பேசுவதும் விசுவாசக் குறைவு அல்ல. சூரைச்செடியின் கீழே படுத்து, போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று எலியா தீர்க்கதரிசி கேட்டபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் வைத்துச் சாப்பிடச் சொன்னான். அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார், தூங்க விட்டான். பிறகு மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?


ஏரல் தங்கச்சி எழுதியது:

உடனே பதில் எழுத முடியல, மன்னிச்சுக்கிடுங்க. ஆஸ்பத்திரி, கடைன்னு ஓடிட்டு.

நர்ஸம்மா எழுதினதுல பொட்டாசியம் பத்தின இடத்தை அவியள்ட்ட வாசிச்சேன். பதில் ஒண்ணும் சொல்லல. ஆனா மறுநாள் காலைல எனக்கு முன்னால எந்திரிச்சுக் குளிச்சிட்டுச் சட்டை போட்டு உக்காந்திருந்தாவ. ஐயர்ட்டயும் போய்ச் சொன்னேன். கேட்டுட்டு முகமே மாறிப்போச்சு, அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டாவ. அவியகூடத் தனியாப் பேசினாவ, நான் அடுப்படியில இருந்தேன். என்ன பேசினாவன்னு நான் கேக்கல. போகும்போது அந்த வெளியூர்க்காரரை இனி யார் வீட்டுக்கும் சபை அழைக்காதுன்னு சொன்னாவ.

வாத்தியார் சொன்னது மாதிரியும் நடந்துச்சு. நான் ரொம்ப நம்பிக் கேட்ட ரெண்டு பேர் பாக்கலாம்னுட்டுப் போயிட்டாவ. ஆனா வெள்ளத்தன்னைக்கு மாடியில என் பக்கத்துல கெடந்த ஒரு அக்கா, அதுக்கு முந்தி அவ்வளவாப் பழக்கம்கூட இல்ல, கடையில நான் உக்காருதேன்னு தானா வந்துட்டா. அவளுக்கு வெலை தெரியாது. அட்டையில எழுதி ஒட்டி வச்சிருக்கேன்.

ஜெபம் இன்னும் வரல. அதை உள்ளபடியே சொல்லிருதேன். 88ம் சங்கீதம் வாசிச்சேன், முடிச்சதும் நல்லாருந்துச்சுன்னு சொல்ல முடியாது, ஆனா பொய் சொல்லலைன்னு இருந்துச்சு. செவ்வாக்கிழமையும் வியாழக்கிழமையும் டயாலிசிஸ் இல்ல, அன்னைக்கு வீட்ல கூடுவோம்னு சங்கத்துல சொல்லியிருக்காவ. நான் சும்மா உக்காந்திருக்கலாம்லா?


மெஞ்ஞானபுரத்து நர்ஸம்மா எழுதியது:

சும்மா உக்காருங்க. காபி போடணும்னு அடுப்படிக்கு ஓடாதீங்க, வாரவங்களே போட்டுக் குடிக்கட்டும், உங்க வீட்டுக்காரர் பங்கை மட்டும் அந்தப் பாட்டில் கணக்குல கழிச்சிருங்க.

எங்க சங்கத்துலயும் உங்களுக்காக ஜெபிக்கோம். பேர் சொல்ல வேண்டாம், ஏரல் கடைக்காரர் வீடுன்னு சொல்லிக்கிடுதோம். அடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்ததும் பொட்டாசியம் எவ்வளவுன்னு இங்க எழுதுங்க. எதுவும் புரியலைன்னா டாக்டர்கிட்ட எப்படிக் கேக்கணும்னு நான் சொல்லித் தாரேன்.